சுங்குடி முடிச்சும் வைரஸ் மாத்திரையும்

மதுரை கீழமாசி வீதியின் மொத்த மளிகைக் கடைகளில் அன்னாசிப்பூவைச் சாக்குக் கணக்கில் பார்க்கலாம். நட்சத்திரம் போல இருக்கும் அந்தக் காய்ந்த காயைப் பிரியாணியில் போடுகிறோம். இலையில் விழுந்ததும் ஓரமாக ஒதுக்கி வைக்கிறோம். ஒரு கல்யாணப் பந்தியில் என் தாய்மாமா அப்படி ஒதுக்கியபோது நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். “மாமா, பன்றிக் காய்ச்சலுக்குக் கொடுக்கும் மாத்திரையை இதிலிருந்துதான் செய்கிறார்கள்” என்று சொல்லித் தொலைத்தேன். “அப்படியானால் வாரம் ஒரு பிரியாணி போதுமே மாப்பிள்ளை, மாத்திரை எதற்கு?” என்றார். பந்தியே சிரித்தது.

பாயசம் வருவதற்குள் சொல்லி முடிக்கிற பதில் இல்லை அது. ஆறு வருடம் ஆய்வகத்தில் மூலக்கூறுகளைக் கட்டும் வேலையைச் செய்து முனைவர் பட்டம் வாங்கியவன் என்ற முறையில் அந்தப் பதிலை இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

அன்னாசிப்பூவில் இருப்பது ஷிகிமிக் அமிலம். மாத்திரையில் இருப்பது ஒசெல்டமிவிர். 1999இல் ‘டாமிஃப்ளூ’ என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. இரண்டும் ஒன்றல்ல. பூவைப் பிடிபிடியாக மென்றாலும் காய்ச்சல் போகாது. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போக ஏறக்குறைய பத்து வேதிவினைகளைத் தாண்ட வேண்டும். இப்படி ஒரு மூலக்கூறை எடுத்து, படிப்படியாக மாற்றி, வேண்டிய இன்னொரு மூலக்கூறாகக் கட்டுவதற்குத்தான் கரிமத் தொகுப்பு என்று பெயர். 1828இல் ஃபிரெடரிக் வோலர் என்ற ஜெர்மானியர், சிறுநீரகத்தின் துணையில்லாமல் ஆய்வகத்திலேயே யூரியாவைச் செய்து காட்டியது இந்தத் துறையின் தொடக்கக் கதை. வாடிப்பட்டி வயல்களில் மூட்டை மூட்டையாக விழுகிற அதே யூரியாதான்.

ஷிகிமிக் அமிலத்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். ஆறு கார்பன் அணுக்கள் கைகோத்து நிற்கும் ஒரு வளையம். அதில் ஓரிடத்தில் இரட்டைப் பிணைப்பு, அதன் பக்கத்திலேயே ஓர் அமிலத் தொகுதி, சுற்றிலும் மூன்று ஹைட்ராக்சில் (ஓர் ஆக்சிஜனும் ஒரு ஹைட்ரஜனும் சேர்ந்த) தொகுதிகள். ஒசெல்டமிவிரிலும் இதே ஆறு கார்பன் வளையம்தான், இதே இரட்டைப் பிணைப்புதான். அமிலத் தொகுதி எஸ்டராக மாறியிருக்கும். மூன்று ஹைட்ராக்சில்கள் இருந்த பக்கத்தில் ஓரிடத்தில் ஐந்து கார்பன் கொண்ட ஈதர், மற்ற இரண்டிடங்களில் நைட்ரஜன். அதாவது சுவர் அப்படியே நிற்கிறது. கதவையும் ஜன்னலையும் மாற்றுகிறோம்.

சுவரை நாமே எழுப்பிக்கொள்ளலாமே என்று தோன்றும். எழுப்பலாம். ஆனால் மூலக்கூறுகளுக்கு இடக்கை, வலக்கை உண்டு. மேல்நோக்கி நிற்க வேண்டிய தொகுதி கீழ்நோக்கி நின்றால், வலக்காலில் மாட்டிய இடது செருப்பு மாதிரி, உடலில் எங்கும் பொருந்தாது. எந்த முன்னேற்பாடும் இல்லாமல் ஆய்வகத்தில் கட்டினால் பெரும்பாலும் பாதிக்குப் பாதி கலவையாகவே கிடைக்கும். மரமோ பிசகாமல் ஒரே கையைச் செய்து தருகிறது. அன்னாசிப்பூவுக்கு வந்த மரியாதை அதனால்தான். (இந்த அமிலத்துக்குப் பெயர் கொடுத்தது ஜப்பானின் ஷிகிமி மரம். நம் அன்னாசிப்பூவின் பங்காளி. பார்க்க அச்சாக அதே மாதிரி இருக்கும், ஆனால் நஞ்சு. பிரியாணிக்கு ஆகாது.)

2005இல் பறவைக் காய்ச்சல் பயம் உலகைப் பிடித்து ஆட்டியபோது நாடுகள் போட்டி போட்டு டாமிஃப்ளூவைச் சேர்த்து வைத்தன. அன்னாசிப்பூ பெரும்பாலும் சீனாவில் விளைவது. விலை ஏறியது, தட்டுப்பாடு வந்தது. அதன்பின் பாக்டீரியாவை வைத்து, நொதித்தல் வழியே ஷிகிமிக் அமிலத்தை உண்டாக்கும் முறை கூடுதலாகக் கைகொடுத்தது. 2006இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் இ. ஜே. கோரி, அன்னாசிப்பூவே வேண்டாம் என்று பியூட்டாடையீன் போன்ற மலிவான பெட்ரோலிய வேதிப்பொருளில் தொடங்கும் வேறொரு வழியை வெளியிட்டார். போய்ச் சேர்ந்த ஊர் ஒன்றுதான், வழிகள் மூன்று. தொகுப்பு வேதியியலாளர் தம் வேலை என்று நினைப்பது பெரும்பாலும் இந்த வழியைத்தான்.

கோரிக்கு 1990இலேயே நோபல் பரிசு கிடைத்திருந்தது, வழியைத் திட்டமிடும் முறைக்காக. அந்த முறை நம் வீட்டுப் பெரியவர்களுக்குப் புதிதல்ல. முகூர்த்தம் காலை ஆறு மணி என்றால் அவர்கள் ஆறு மணியிலிருந்து பின்னோக்கித்தான் எண்ணுவார்கள். ஆறுக்குத் தாலி என்றால் ஐந்தரைக்குப் பெண் மேடையில் இருக்க வேண்டும். அதற்கு நாலுக்கு அலங்காரம். அதற்கு மூன்றுக்குப் பூ வந்திருக்க வேண்டும். அப்படியானால் முந்தின நாளே மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் சொல்லி வைக்க வேண்டும். கோரி மூலக்கூறை இப்படித்தான் பார்க்கச் சொன்னார். முடிவில் வேண்டிய பொருளை வரைந்து, எந்தப் பிணைப்பைக் கடைசியாகக் கட்டியிருக்க முடியும் என்று கேட்டு, அதை வெட்டுங்கள். கிடைத்த துண்டுகளையும் அதே கேள்வி கேட்டு வெட்டுங்கள். கடையில் வாங்கக்கூடிய பொருள் வரும்வரை வெட்டிக்கொண்டே போங்கள். பின்னோக்கிப் பகுப்பு என்பது இவ்வளவுதான். காகிதத்தில் இது சதுரங்கம் போல இன்பமான விளையாட்டு. குடுவையில் இறங்கும்போதுதான் கணக்கு உதைக்கும்.

எந்த வினையும் நூற்றுக்கு நூறு விளைச்சல் தருவதில்லை. ஒரு படிக்கு நூற்றுக்குத் தொண்ணூறு கிடைத்தால் ஆய்வகமே கொண்டாடும். ஆனால் அப்படிப் பத்துப் படி போனால் கடைசியில் மிஞ்சுவது நூற்றுக்கு 35தான். படிக்கு எண்பது என்றால் பத்தாவது படியில் 11கூடத் தேறாது. இதனால்தான் நேர்கோட்டில் பன்னிரண்டு படி ஏறுவதைவிட, ஆறாறு படிகளாக இரண்டு துண்டுகளைத் தனித்தனியே செய்து கடைசியில் ஒன்றாகச் சேர்ப்பது புத்திசாலித்தனம். படிக்கு எண்பது விழுக்காடு என்றே வைத்துக்கொண்டாலும், நேர்வழியில் 7 வரும். கிளைவழியில் 21 வரும். மாத்திரையின் விலை பற்றிய பேச்சில் இந்தப் பெருக்கல் கணக்கை யாரும் எடுப்பதில்லை என்பது என் நெடுநாள் வருத்தம்.

சரி, அந்த மாத்திரை வைரஸை என்ன செய்கிறது? காய்ச்சல் வைரஸ் நம் செல்லுக்குள் பெருகி வெளியே வரும்போது, செல்லின் மேற்பரப்பில் உள்ள ஒருவகைச் சர்க்கரையில் ஒட்டிக்கொண்டு நிற்கும். அதை அறுத்துவிட்டுக் கிளம்ப அதனிடம் ஒரு கத்தரி உண்டு: நியூராமினிடேஸ் என்ற நொதி. ஒசெல்டமிவிர் அந்தக் கத்தரியின் வாய்க்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. வைரஸ்கள் கிளம்ப முடியாமல் வாசலிலேயே மாட்டிக்கொள்கின்றன. நோய் தொடங்கி 48 மணி நேரத்துக்குள் மாத்திரையைத் தொடங்க வேண்டும் என்று மருத்துவர்கள் அவசரப்படுத்துவதும் இதனால்தான். எல்லாம் கிளம்பிப் போனபின் கத்தரியைப் பிடுங்கி என்ன பயன்?

பாக்டீரியாவைக் கொல்லும் மருந்து வைரஸிடம் பலிக்காது என்பது இன்று பலருக்கும் தெரியும். வைரஸ் சொந்த அடுப்பில்லாத விருந்தாளி. நம் அடுப்பில், நம் பாத்திரத்தில்தான் சமைக்கும். அடுப்பை உடைத்தால் நமக்கே சாப்பாடில்லை. அதன் கையில் இருக்கும் ஓரிரு சொந்தக் கருவிகளைத் தேடிப் பிடித்து அடிக்க வேண்டும். கத்தரி அப்படி ஒரு கருவி. இன்னொன்று, அது தன் மரபுச் சங்கிலியை நகலெடுக்கும் நொதி. இந்த இரண்டாவது இடத்தில்தான் வேதியியலாளர்களின் ஆகச் சிறந்த தந்திரம் வேலை செய்கிறது. நான் அதைப் போலிச் செங்கல் என்று சொல்வேன்.

டி.என்.ஏ. சங்கிலியின் ஒவ்வொரு செங்கல்லிலும் ஒரு சர்க்கரை வளையம் உண்டு. அந்தச் சர்க்கரையில் 3 என்று எண்ணிட்ட கார்பனில் ஒரு ஹைட்ராக்சில் இருக்கும். அடுத்த செங்கல் வந்து பிடிக்கும் கொக்கி அதுதான். கொக்கி இல்லாத செங்கல் ஒன்றை, மற்றபடி அச்சு அசலாகச் செய்து, வரிசைக்குள் நுழைத்துவிட்டால்? நொதி ஏமாந்து அதை வைத்துக் கட்டும். அதற்குமேல் ஒரு செங்கல்கூட ஏறாது. சுவர் அங்கேயே நின்றுபோகும்.

அக்கிக்குக் கொடுக்கும் அசைக்ளோவிர் இப்படிப்பட்டதுதான். பெயரிலேயே ‘வளையம் இல்லாதது’ என்ற பொருள் இருக்கிறது: சர்க்கரை வளையத்தில் பாதியை வெட்டி எறிந்துவிட்டார்கள், கொக்கியும் அதோடு போய்விட்டது. அழகு என்னவென்றால், இந்தப் போலிச் செங்கல் அப்படியே வேலை செய்யாது. அதன்மேல் முதல் பாஸ்பேட்டை (செங்கல்லைச் சங்கிலியில் ஒட்ட உதவும் தொகுதி) ஏற்ற வேண்டும், அதை ஏற்றுவது பெரும்பாலும் வைரஸின் சொந்த நொதியே. வைரஸ் இல்லாத செல்லில் மருந்து ஏறக்குறையச் சும்மா கிடக்கும். வைரஸ் இருக்கும் செல்லில் வைரஸே அதற்கு உயிர் கொடுத்துத் தன் கழுத்தை நீட்டிக்கொள்ளும். இதை உருவாக்கிய ஆய்வகத்தை வழிநடத்திய கெர்ட்ரூட் எலியன் என்ற பெண் விஞ்ஞானி 1988இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அவர் முனைவர் படிப்பை முடிக்கவில்லை. எங்கள் ஊர் எம்.எஸ்ஸி. மாணவிகளிடம் இதைச் சொல்லும்போது ஒரு நொடி வகுப்பு நிமிர்ந்து உட்காருவதைப் பார்த்திருக்கிறேன்.

சுங்குடிக்கு வருகிறேன். மதுரையில் சௌராஷ்டிரர் வீடுகளில் பாட்டிமார்கள் சேலைத் துணியில் நகக்கண் அளவு துணியைக் கிள்ளி, நூலால் இறுக்கிச் சுற்றி முடிச்சுப் போடுவார்கள். ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கில் முடிச்சு. பிறகு சாயத்தொட்டியில் முக்குவார்கள். முடிச்சுக்குள் இருக்கும் துணியில் சாயம் ஏறாது. காய்ந்தபின் முடிச்சை அவிழ்த்தால் சிவப்புப் பரப்பில் வெள்ளைப் புள்ளிகள்.

எச்.ஐ.வி.க்கு எதிராக வந்த முதல் மருந்தான ஏ.இசட்.டி.யைச் செய்வதும் இதே கைவேலைதான். தொடங்கும் பொருள் தைமிடின், டி.என்.ஏ.யின் நான்கு செங்கற்களில் ஒன்று. அதன் 3ஆம் கார்பனில் இருக்கும் ஹைட்ராக்சில் கொக்கியை எடுத்துவிட்டு, மூன்று நைட்ரஜன் கொண்ட அசைடு தொகுதியை அங்கே வைக்க வேண்டும். சிக்கல் என்னவென்றால் 5ஆம் கார்பனிலும் ஒரு ஹைட்ராக்சில் இருக்கிறது. அது இன்னும் துருதுருப்பானது. எந்த வினைபொருளை ஊற்றினாலும் அதுதான் முதலில் கை நீட்டும். ஆகவே அதன்மேல் டிரைட்டில் என்ற, மூன்று பென்சீன் வளையங்கள் கொண்ட பருத்த தொகுதியைக் கட்டி விடுகிறோம். அதுதான் முடிச்சு. இனி 3ஆம் இடத்தில் நிம்மதியாக வேலை பார்க்கலாம். அங்கே அசைடு பின்பக்கத்திலிருந்து வந்து மோதும். மோதினால் காற்றில் குடை திரும்பிக்கொள்வது போல அந்தக் கார்பன் புறம் திரும்பிவிடும். அது தவறான கை. அதனால் முன்கூட்டியே ஒரு முறை திருப்பி வைத்துவிடுவார்கள். இரண்டாவது திருப்பத்தில் சரியான கைக்கு வந்துவிடும். கடைசியில் அமிலம் சேர்த்தால் டிரைட்டில் முடிச்சு அவிழ்ந்துவிடும்.

நல்ல முடிச்சுக்குப் பாட்டிகள் சொல்லும் இலக்கணமும் எங்கள் இலக்கணமும் ஒன்றே. சுலபமாகப் போட வர வேண்டும். சாயத்தில் அவிழக் கூடாது. அவிழ்க்கும்போது துணி கிழியக் கூடாது. ஒரு வேறுபாடு: எங்களுக்கு ஒவ்வொரு முடிச்சும் இரண்டு படிச் செலவு, போட ஒன்று, அவிழ்க்க ஒன்று. மேலே சொன்ன பெருக்கல் கணக்கில் இரண்டு படி என்றால் என்ன என்று உங்களுக்கே தெரியும்.

ஏ.இசட்.டி.யை முதலில் செய்தவர் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் இருந்த ஜெரோம் ஹார்விட்ஸ். ஆண்டு 1964. அப்போது எச்.ஐ.வி. என்ற பெயரே கிடையாது; அவர் தேடியது புற்றுநோய் மருந்து. எலிகளிடம் பலிக்கவில்லை, புட்டி அலமாரிக்குப் போனது. இருபது ஆண்டு கழித்து, 1985இல், எச்.ஐ.வி.க்கு எதிராக அது வேலை செய்வது தெரிந்தது. 1987இல் ஒப்புதல். விலை ஆண்டுக்கு 8,000 டாலர் அளவில்.

நம் பக்கத்துக் கதை இதற்கு ஓராண்டு முன்பே தொடங்கிவிட்டது. 1986இல் சென்னையில் மருத்துவர் சுனிதி சாலமனின் குழு இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டறிந்தது. எட்டாயிரம் டாலர் மருந்து இங்கே யாருக்கு எட்டும்? இந்த இடத்தில் ‘வழி’ என்ற சொல் சட்டப் பொருளும் பெறுகிறது. 1970ஆம் ஆண்டின் இந்தியக் காப்புரிமைச் சட்டம் மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை தரவில்லை; செய்யும் முறைக்கு மட்டுமே தந்தது. அதே மூலக்கூறுக்கு வேறு வழியில் போய்ச் சேர்ந்தால் யாரும் தடுக்க முடியாது. அமெரிக்கச் சட்டத்தின் கண்ணில் நகல் என்று தெரிந்தது, நம் சட்டத்தின் கண்ணில் புதிய கண்டுபிடிப்பு. ஹைதராபாத்தின் இந்திய வேதியியல் தொழில்நுட்ப நிறுவனத்தில் ஏ. வி. ராமராவ் ஏ.இசட்.டி.க்கு ஒரு வழியைப் போட்டுக் கொடுத்தார். 1993இல் சிப்லா நிறுவனம் மருந்தை வெளியிட்டது. 2001இல் அதே சிப்லா, மூன்று மருந்துக் கூட்டை எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்புக்கு ஒரு நோயாளிக்கு ஆண்டுக்கு 350 டாலருக்குத் தருவதாக அறிவித்தது. அப்போது மேற்கில் அத்தகைய கூட்டின் விலை 10,000 டாலருக்கும் மேல். (2005இல் சட்டம் மாறிவிட்டது, இப்போது பொருளுக்கும் காப்புரிமை உண்டு. அது தனிக் கட்டுரைக்கான சண்டை.)

இன்று மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் எச்.ஐ.வி. சிகிச்சை தரும் ஏ.ஆர்.டி. மையத்துக்கு வருபவர்களுக்கு மாத்திரை இலவசம். பலர் விழுங்கும் கூட்டு மாத்திரையில் டெனோஃபோவிர் என்ற பொருள் இருக்கிறது. அதன் பின்னால் ஒரு வேதியியலாளரின் முழு வாழ்க்கை இருக்கிறது. பிராக் நகரின் அன்டொனீன் ஹோலி, இரும்புத்திரைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து போலிச் செங்கற்களைச் செய்துகொண்டே இருந்தார். பெல்ஜியத்தில் எரிக் டி கிளர்க் அவற்றை வைரஸ்களிடம் சோதித்தார். ஒருவர் செய்வது, மற்றவர் சோதிப்பது என்று பல பத்தாண்டு ஓடியது. பெரும்பாலானவை உதவாதவை. ஹோலி கண்ட தந்திரம் சிறியது: பாஸ்பேட்டை ஆக்சிஜன் வழியே ஒட்டாமல் கார்பன் வழியே ஒட்டினால் உடலின் நொதிகளால் அதைக் கத்தரிக்க முடியாது. முதல் பாஸ்பேட் ஏறுமா ஏறாதா என்ற கவலையும் இல்லை; ஏற்கெனவே ஏற்றியாகிவிட்டது. 1986இல் முதல் கட்டுரை. டெனோஃபோவிர் மாத்திரையாக ஒப்புதல் பெற்றது 2001இல்.

இந்த வேலையை மதுரையை ஒட்டிய நாகமலைப் பக்கத்தில் செய்தால் எப்படி இருக்கும் என்று கேட்பவர்களுக்கு நான் ஈதரைத்தான் சொல்வேன். டைஎத்தில் ஈதர் என்ற கரைப்பானின் கொதிநிலை 34.6 டிகிரி. ஐரோப்பாவிலிருந்து வரும் கட்டுரையில் ‘அறை வெப்பநிலையில் இரவு முழுதும் கலக்கவும்’ என்று எழுதியிருப்பார்கள். அவர்கள் அறை வேறு, நம் அறை வேறு. சித்திரைத் திருவிழா நேரத்தில் குளிர்சாதனம் இல்லாத ஆய்வகத்தில் அந்த ஈதர் அடுப்பில்லாமலே கொதிக்கும். என் முதல் கோடையில் ஒரே வினையை ஐந்து முறை செய்து ஐந்து முறையும் கறுப்புத் தார் எடுத்தேன். மார்கழியில் அதே வினை, அதே கை, நூற்றுக்கு எழுபத்திரண்டு. 2012 மின்வெட்டு வருடத்தில் நாங்கள் வினைகளை மின்வாரியத்தின் நேரத்துக்கு ஏற்பத் தொடங்கினோம்; பஞ்சாங்கம் பார்த்து நல்ல காரியம் தொடங்குவது மாதிரி.

நாளின் பெரும்பகுதி பிரித்தெடுப்பதில் போகும். சிலிக்கா தூளைக் கண்ணாடிக் குழாயில் நிரப்பி, மேலே கலவையை ஊற்றி, சொட்டுச் சொட்டாக இறங்குவதைச் சோதனைக் குழாய்களில் பிடிப்பது. ஆய்வகப் பேச்சில் ‘காலம் (column) போடுவது’. எந்தக் குழாயில் சரக்கு இருக்கிறது என்று பார்க்க, மெல்லிய தகட்டில் ஒரு புள்ளி வைத்து, புற ஊதா விளக்கின்கீழ் பிடிப்போம். ஒரே புள்ளி தெரிந்தால் அன்று இரவு பரோட்டா. மூன்று புள்ளி தெரிந்தால் தேநீர் மட்டும். தேசியத் தகுதித் தேர்வில் உதவித்தொகையோடு தேறினால் 2023 முதல் மாதம் 37,000 ரூபாய். எங்கள் காலத்தில் தொகை மிகக் குறைவு, அதுவும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மொத்தமாக வரும், சில சமயம் வராது. விடுதிச் சமையற்காரர் கடன் நோட்டில் என் பெயருக்குத் தனிப் பக்கமே இருந்தது.

நான் செய்த அறுபத்துச் சொச்சம் புதிய சேர்மங்களில் வைரஸ் சோதனைக்கு வேறு ஊருக்கு அனுப்பியவை பதினெட்டு. மூன்று மாதம் கழித்து ஒரு தாள் வந்தது. பதினேழுக்கு எதிரே ‘செயலற்றது’. மற்றொன்று வைரஸோடு சேர்த்து செல்லையும் கொன்றுவிட்டதாம். என் நெறியாளர் தாளைப் படித்துவிட்டு, புட்டிகளில் பெயர் சரியாக ஒட்டியிருக்கிறதா என்று கேட்டார். ஹார்விட்ஸின் புட்டி இருபது வருடம் காத்திருந்தது அவருக்கு நினைவிருந்திருக்க வேண்டும். ஒட்டி வைத்துவிட்டுத்தான் வந்தேன்.

போன ஐப்பசியில் மாமாவுக்கு விலாவில் அக்கி வந்தது. மருத்துவர் எழுதியது வாலாசைக்ளோவிர், வேளைக்கு ஒரு கிராம், நாளுக்கு மூன்று வேளை. பழைய அசைக்ளோவிர் குடலில் சரியாக ஏறாது. நாளுக்கு ஐந்து முறை விழுங்க வேண்டும். அதன் வாலில் வாலின் என்ற அமினோ அமிலத்தை ஓர் எஸ்டர் பிணைப்பால் தொற்ற வைத்தார்கள்; உள்ளே போனதும் அது கழன்றுவிடும், மருந்து மட்டும் நிற்கும். இதுவும் ஒரு முடிச்சுதான், அவிழ்ப்பது மட்டும் நம் உடல். இதையெல்லாம் நான் கட்டிலருகே உட்கார்ந்து விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு சட்டையை விலக்கிக் காட்டினார்: கொப்புளங்களைச் சுற்றிக் காவியில் கோடும் சிங்கமும். காலையிலேயே மண்பாண்டம் செய்யும் வேளாரை வரவழைத்து அக்கி எழுதியிருக்கிறார்.

“இரண்டும் இருக்கட்டும் மாப்பிள்ளை” என்றார். “சிங்கத்துக்கு அவர் வாங்கியது இருபது ரூபாய். உன் முடிச்சுக்கு என்ன விலை என்று தெரியுமா?”

மருந்துச் சீட்டை வாங்கிப் பார்த்தேன். பெருக்கிப் பார்க்கவும் செய்தேன்.